மிட் சஃபோக்கில் ஓர் உள்ளாட்சித் தேர்தல்

ஆறாம் வகுப்பு சமூக அறிவியலில் உள்ளாட்சி அமைப்புப் பாடத்தை நடத்தும்போது ரிப்பன் பிரபுவின் பெயரையும் 1882ஆம் ஆண்டுத் தீர்மானத்தையும் சொல்லிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறோம். தேர்வில் ஒரு மதிப்பெண் கேள்வியாக அது வரும், பிள்ளைகளும் எழுதிவிடுவார்கள். ஆனால் அந்த ரிப்பன் பிரபு எந்த நாட்டிலிருந்து வந்தாரோ அந்த நாட்டில் இன்று ஊர் மக்கள் தங்கள் உறுப்பினரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஒரு மாணவர் கேட்டால், நம்மில் பலரிடம் விடை இருக்காது. கேட்க வேண்டிய கேள்விதான் அது. சென்னை மாநகராட்சியே 1687 டிசம்பரில் இங்கிலாந்தில் எழுதப்பட்ட ஒரு சாசனத்தால் பிறந்து, 1688 செப்டம்பர் 29 அன்று செயல்படத் தொடங்கியது. மேயர் என்ற பதவியும் சொல்லும் அந்த வழியாகத்தான் நம்மிடம் வந்தன.

எட்டாம் வகுப்பிலிருந்து மேல்நிலை வரை ஒப்பீட்டுப் பாடமாக நடத்துவதற்கு ஏற்ற ஒரு தேர்தலை இங்கே எடுத்துக்கொள்கிறேன். இங்கிலாந்தின் கிழக்கில் சஃபோக் என்ற பகுதி உள்ளது. அதன் நடுவில் இருப்பது மிட் சஃபோக். வயல்களும் சிற்றூர்களும் நிறைந்த இடம். மக்கள்தொகை ஏறத்தாழ 1 லட்சம், பெரிய ஊர் ஸ்டோமார்க்கெட். அங்கே 2023 மே 4, வியாழக்கிழமை நடந்த தேர்தல் இது.

முதலில் சொல் குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். அவர்கள் ‘டிஸ்ட்ரிக்ட்’ என்பது நம் மாவட்டம் அல்ல. நம் மாவட்டத்துக்கு நிகரானது அவர்களுடைய ‘கவுன்டி’. கவுன்டிக்குள் அடங்கிய சிறு பிரிவுதான் டிஸ்ட்ரிக்ட். சஃபோக் கவுன்டிக்குள் இப்படி ஐந்து பிரிவுகள் உள்ளன. நம் பிள்ளைகளுக்குப் புரிய வேண்டுமானால் ஊராட்சி ஒன்றியம் என்று சொல்லலாம். முழுக்கப் பொருந்தாது, ஆனால் மாவட்டம் என்று சொல்வதைவிட எவ்வளவோ மேல். அதற்கும் கீழே ‘பாரிஷ்’ என்ற ஊர் அளவிலான மன்றம் உண்டு. இந்த மூன்றையும் கரும்பலகையில் ஏணிபோல வரைந்து, பக்கத்தில் மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என்று எழுதிக்கொண்டால் பாதிப் பாடம் முடிந்தது.

வேலைப் பங்கீடுதான் சுவையானது. பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு ஆகியவை கவுன்டியின் பொறுப்பு. வீட்டுக் குப்பை எடுப்பது, வீடு கட்ட அனுமதி தருவது, வீடில்லாதவர்களுக்கு உதவுவது ஆகியவை டிஸ்ட்ரிக்டின் பொறுப்பு. ஆனால் வீட்டு வரியை எல்லோருக்கும் சேர்த்து வசூலிப்பது டிஸ்ட்ரிக்ட். வசூலித்ததில் பெரும்பகுதியைக் கவுன்டிக்கும் காவல்துறைக்கும் பாரிஷுக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டுச் சிறு பங்கை மட்டும் தனக்கு வைத்துக்கொள்ளும். வரிச் சீட்டில் இருப்பதோ அதன் பெயர். ஆகவே சாலையில் குழி என்றாலும் திட்டு வாங்குவது அதுதான். அரசு குறிக்கும் வரம்புக்கு மேல் வரியை உயர்த்த வேண்டுமானால் மக்களிடம் பொது வாக்கெடுப்பு நடத்த வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. வரியை உயர்த்தலாமா என்று மக்களையே கேட்டால் என்ன பதில் வரும் என்பதை வகுப்பில் கேட்டுப் பாருங்கள், சிரிப்பு நிச்சயம்.

வாக்குச்சாவடிக்குள்

தேர்தல் பணி பார்க்காத ஆசிரியர் நம்மில் அரிது. பயிற்சி வகுப்பு, வாக்குப்பதிவுப் பொருள்களைச் சரிபார்த்து வாங்குவது, முந்தைய நாள் இரவே சாவடியில் தங்குவது எல்லாம் நமக்குப் பழக்கம். ஆகவே இந்தப் பகுதி மாணவர்களைவிட நமக்கே அதிகம் பிடிக்கும்.

அங்கே ஆசிரியர்களுக்குக் கட்டாயத் தேர்தல் பணி கிடையாது. மன்ற ஊழியர்கள், ஓய்வுபெற்றவர்கள், விருப்பமுள்ள பிறர் என்று ஊதியத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆனால் பள்ளிக்கூடம் தப்பவில்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியின் அறையை வாடகையில்லாமல் வாக்குச்சாவடியாகக் கேட்டுப் பெறத் தேர்தல் அலுவலருக்கு உரிமை உண்டு. தேர்தல் வியாழக்கிழமை நடப்பதால் பல பள்ளிகளில் அன்று வகுப்பு இல்லை. தேவாலயக் கூடம், ஊர்ப் பொதுக்கூடம், சில இடங்களில் மதுக்கடைகூட வாக்குச்சாவடி ஆகிவிடும். காலை 7 மணிக்குத் திறந்தால் இரவு 10 மணிக்குத்தான் மூடுவார்கள். பதினைந்து மணி நேரம்! நம் பணி எளிது என்று சொல்லவில்லை, அவர்களுடையதும் எளிதல்ல.

மின்னணு இயந்திரம் இல்லை. காகிதச் சீட்டில் பென்சிலால் பெருக்கல் குறி போட வேண்டும். முத்திரை குத்தும் வழக்கமும் இல்லை, விரலில் மையும் இல்லை. பெருக்கல் குறிக்குப் பதிலாக டிக் அடித்தாலும் வாக்காளரின் விருப்பம் தெளிவாகத் தெரிந்தால் அது செல்லும். செல்லாத வாக்கு எது என்று மேசையைச் சுற்றி நின்று வாதாடும் காட்சியை இங்கே வாக்குச் சீட்டுக் காலத்தில் பார்த்தவர்களுக்கு அந்த விதியின் அருமை தெரியும். வேட்பாளர் பெயர்கள் குடும்பப் பெயரின் அகரவரிசையில் அச்சாகும். ஒரே பிரிவுக்குள் ஓர் உறுப்பினரைத் தரும் வார்டும் உண்டு, ஒன்றுக்கு மேற்பட்டவர்களைத் தரும் வார்டும் உண்டு. இரண்டு இடம் உள்ள வார்டில் ஒருவர் இரண்டு குறி போடலாம், மூன்று போட்டால் சீட்டு தள்ளுபடி.

போட்டியிட 18 வயது போதும். இங்கே 21. வைப்புத்தொகை கட்டத் தேவையில்லை, முன்மொழியவும் வழிமொழியவும் அந்த வார்டின் வாக்காளர் இருவர் கையெழுத்திட்டால் மனு தயார். மகளிருக்கோ பட்டியலினத்தவருக்கோ ஒத்த எந்த இட ஒதுக்கீடும் அங்கே இல்லை. தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பாதி இடங்கள் பெண்களுக்கு என்பதை இந்த இடத்தில் அழுத்திச் சொல்லலாம். எல்லாவற்றையும் அவர்களிடமிருந்துதான் கற்றோம் என்ற எண்ணத்தோடு பிள்ளைகள் வகுப்பைவிட்டுப் போகக் கூடாது.

தேர்தல் நடத்தும் அலுவலராகப் பெரும்பாலும் இருப்பவர் அதே மன்றத்தின் தலைமை நிர்வாகி. நமக்கு இது வியப்பாக இருக்கும். ஒன்றிய ஆணையரே தன் ஒன்றியத்துக்குத் தேர்தல் நடத்தி முடிவையும் அறிவித்தால் எப்படி இருக்கும்? நாம் மாநிலத் தேர்தல் ஆணையம் என்று தனி அமைப்பு வைத்திருப்பது ஏன் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. அங்கே அந்தப் பொறுப்பில் அவர் மன்றத்துக்குக் கட்டுப்பட்டவர் அல்லர் என்று சட்டம் பிரித்து வைத்திருக்கிறது, மரபும் அதைக் காக்கிறது. தேர்தலுக்கு முந்தைய வாரங்களில் மன்றம் விளம்பரமாகத் தோன்றும் எதையும் செய்யக் கூடாது. நம் நடத்தை விதிமுறை போன்ற அந்தக் காலத்துக்கு அங்குள்ள அலுவலர்கள் வழங்கும் பெயர் ‘பர்தா’. இந்தியாவிலிருந்து கப்பலேறிய சொல்.

இரகசிய வாக்குக்கு அங்கே 1872ஆம் ஆண்டுதான் சட்டம் வந்தது. அதுவரை மேடையேறி உரக்கச் சொல்லித்தான் வாக்களிக்க வேண்டும், நிலக்கிழாரும் முதலாளியும் கீழே நின்று கேட்டுக்கொண்டிருப்பார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் பான்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்த இடைத்தேர்தலில் முதன்முதலாக நாடாளுமன்றத்துக்கு இரகசிய வாக்கு பதிவானது. அன்று பெட்டிக்கு வைத்த அரக்கு முத்திரை அவ்வூர் அதிமதுர மிட்டாய்த் தொழிற்சாலையின் அச்சு. ஆனாலும் அந்த இரகசியத்தில் ஒரு நூலிழை இடைவெளி இன்றும் உண்டு. ஒவ்வொரு சீட்டுக்கும் எண் இருக்கிறது, அந்த எண்ணுக்கு எதிரே வாக்காளரின் பட்டியல் எண்ணை அலுவலர் குறித்துக்கொள்கிறார். முறைகேடு வழக்கு வந்தால் நீதிமன்ற ஆணையின்படி மட்டுமே அதைப் பிரித்துப் பார்க்க முடியும். என் வகுப்பில் இதைச் சொன்னபோது பின்வரிசை மாணவி ஒருத்தி, “அப்ப அது இரகசியமே இல்லையே சார்” என்றாள். விடையை நான் சொல்லவில்லை, இரண்டு அணியாகப் பிரித்து வாதாட விட்டேன். முறைகேட்டைக் கண்டுபிடிக்க வழி வேண்டாமா என்று ஓர் அணி. வழி இருக்கிறது என்று தெரிந்தாலே பயம் வராதா என்று மறு அணி. மணி அடித்தும் முடியவில்லை.

2023 தேர்தலில் புதிதாக வந்தது அடையாள அட்டை. அதுவரை இங்கிலாந்தில் பெயரையும் முகவரியையும் சொன்னால் போதும், சீட்டைக் கொடுத்துவிடுவார்கள். அந்த மே மாதம் முதல் படத்துடன் கூடிய அட்டை கட்டாயம் ஆனது. இங்கிலாந்து முழுவதிலும் சாவடிவரை வந்தும் அட்டை இல்லாததால் கடைசிவரை வாக்களிக்க முடியாமல் போனவர்கள் ஏறத்தாழ 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் கணக்குச் சொன்னது. முதியோரின் பேருந்து அட்டை ஏற்கப்பட்டது, மாணவரின் கல்லூரி அட்டை ஏற்கப்படவில்லை. இது நியாயமா என்று பதினோராம் வகுப்பில் கேட்டால் பதில் சூடாகவே வரும். இன்னொரு செய்தி: முறையான அனுமதியுடன் அங்கே குடியிருக்கும் இந்தியக் குடிமகன் வாக்காளராகப் பதிவு செய்துகொண்டு இத்தேர்தலில் வாக்களிக்கலாம், காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில். உறவினர் அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள் வகுப்பில் இருந்தால் வீட்டில் கேட்டு வரச் சொல்லுங்கள்.

எண்ணிக்கை சொன்னது

மிட் சஃபோக் மன்றத்தில் 34 இடங்கள். 2019இல் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 16, பசுமைக் கட்சிக்கு 12. 2023இல் பசுமைக் கட்சி 24 இடங்களைப் பிடித்தது, கன்சர்வேட்டிவ் 6 ஆகச் சுருங்கியது, லிபரல் டெமாக்ரட் 4. நாடாளுமன்றத்தில் அப்போது ஒரே ஓர் இடம் வைத்திருந்த பசுமைக் கட்சி, பிரிட்டனில் ஒரு மன்றத்தைத் தனிப்பெரும்பான்மையுடன் பிடித்தது அதுவே முதல் முறை. ஆண்டி மெல்லன் மன்றத் தலைவரானார். தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஒன்றியக் குழுத் தலைவர் தேர்தல் மாதிரியேதான்.

இதைக் கணக்குப் பாடத்தோடு இணைக்கலாம். 34இல் 24 என்பது 70 விழுக்காட்டுக்கும் மேல். அப்படியானால் 70 விழுக்காட்டினர் அக்கட்சிக்கு வாக்களித்தார்களா? அப்படிச் சொல்லிவிட முடியாது. ஒரு வார்டில் மூவர் முறையே 400, 350, 300 வாக்கு பெற்றதாக வைத்துக்கொள்ளுங்கள். 400 பெற்றவர் வென்றார், அவருக்கு எதிராக விழுந்தவை 650. பத்து வார்டிலும் இதே கணக்கென்றால் பத்து இடமும் ஒரே கட்சிக்கு. ஆறு குழுக்களாகப் பிரித்து ஆளுக்கொரு வார்டு கொடுத்துக் கூட்டச் சொன்னால், வாக்கு விகிதமும் இட விகிதமும் வேறு வேறு என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். நாமும் பெரும்பாலும் இதே முறையில்தான் வாக்களிக்கிறோம் என்பதால் இது அயல்நாட்டுக் கணக்கு மட்டுமல்ல.

ஒரு வாக்கின் மதிப்பைச் சொல்ல நார்தம்பர்லேண்டுக்குப் போக வேண்டும். 2017 மே மாதம் அங்கே 67 இடங்களில் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 33 கிடைத்தன. இன்னும் ஒன்று கிடைத்தால் பெரும்பான்மை. சவுத் பிளைத் என்ற வார்டில் அக்கட்சியின் வேட்பாளரும் லிபரல் டெமாக்ரட் வேட்பாளரும் சமமான வாக்கு பெற்றார்கள். மீண்டும் மீண்டும் எண்ணியும் மாறவில்லை. கடைசியில் குச்சி எடுக்கச் சொன்னார்கள், நீளக் குச்சி லிபரல் டெமாக்ரட் கைக்கு வந்தது. ஒரு மன்றத்தின் பெரும்பான்மை அப்படிப் போயிற்று. நம் சட்டத்திலும் சம வாக்குக்குக் குலுக்கல்தான். அன்று வீட்டிலேயே இருந்துவிட்ட சவுத் பிளைத் வாக்காளர்களைப் பற்றி ஒரு பத்தி எழுதச் சொல்லலாம். இங்கிலாந்தின் உள்ளாட்சித் தேர்தலில் வழக்கமாக வாக்களிப்பவர்கள் மூன்றில் ஒரு பங்கினர் அளவுதான், நம் ஊராட்சித் தேர்தல்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல்.

வென்ற பிறகு

தேர்தலோடு பாடத்தை நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். ஊரோர வயலில் 200 வீடு கட்ட ஒரு நிறுவனம் அனுமதி கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரார் எதிர்க்கிறார்கள். எதிர்ப்போம் என்று சொல்லி வென்றவர் திட்டக் குழுவில் உட்காருகிறார். அவர் கையை உயர்த்தி வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? முடியும். ஆனால் திட்டச் சட்டத்துக்குப் பொருந்தும் காரணம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் நிறுவனம் அரசின் திட்ட ஆய்வாளரிடம் மேல்முறையீடு செய்து அனுமதியை வாங்கிவிடும், வழக்குச் செலவும் மன்றத்தின் தலையில் விழலாம். அதாவது ஊரார் கட்டிய வரியிலிருந்து. கூட்டத்துக்கு வரும்போதே முடிவு செய்துவிட்ட மனத்தோடு வந்தார் என்று நிரூபணமானால் அந்தத் தீர்மானமே செல்லாமல் போகலாம். வாக்குறுதி கொடுத்தவர் திறந்த மனத்தோடும் உட்கார வேண்டும். கடினமான நிலைதான்.

ஒன்பதாம் வகுப்பில் இதை நடித்துப் பார்க்க ஒரு பாடவேளை போதும். உறுப்பினர் ஏழு பேர், நிறுவனத்தார் இருவர், வீடு கிடைக்காத இளம் தம்பதி ஒன்று, வயலோரம் குடியிருக்கும் முதியவர் ஒருவர். இளம் தம்பதி பாத்திரத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் எல்லாப் பிள்ளைகளும் வயலின் பக்கமே நிற்பார்கள், விவாதம் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஒவ்வோர் உறுப்பினரும் வாக்களிக்கும்போது காரணத்தை ஒரு வரியில் எழுதித் தர வேண்டும் என்பது விதி. “பிடிக்கவில்லை” என்பது காரணம் ஆகாது.

இவ்வளவு பேசிய அந்த மன்றம் நீடிக்கப் போவதில்லை என்பதையும் பிள்ளைகளிடம் சொல்லத்தான் வேண்டும். கவுன்டி, டிஸ்ட்ரிக்ட் என்ற இரண்டு அடுக்கை நீக்கி, ஏறத்தாழ 5 லட்சம் பேருக்கு ஒரு மன்றம் என்று மாற்றும் திட்டத்தை 2024 டிசம்பரில் பிரிட்டன் அரசு வெள்ளை அறிக்கையாக வெளியிட்டது. அதற்காக 2025 மே மாதம் நடக்கவிருந்த சஃபோக் கவுன்டித் தேர்தல் தள்ளிவைக்கப்பட்டது. சஃபோக் முழுவதற்கும் ஒரே மன்றம் போதும் என்றது கவுன்டி. மூன்றாகப் பிரிக்க வேண்டும் என்றன டிஸ்ட்ரிக்டுகள். செலவு குறையும், யாரிடம் போய்க் கேட்பது என்ற குழப்பம் தீரும் என்பது ஒரு பக்கத்து வாதம். ஓர் உறுப்பினருக்குக் கீழ் வரும் மக்கள் பெருகிவிட்டால் குப்பை எடுக்காத தெருவைப் பற்றி அவரிடம் நேரில் போய்ச் சொல்ல முடியுமா என்பது மறுபக்கத்துக் கேள்வி. கிராம ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சியோடு இணைக்கும் பேச்சு எழுந்த ஊர்களின் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால், விவாதத்தை அவர்களைக் கொண்டே தொடங்குங்கள்.