தராசும் கைக்கருவியும்

நுழையும்முன்
கம்பியில்லாத் தொடர்பு என்றதும் செல்பேசியும் காதில் செருகும் ஒலிக்கருவியும் நம் நினைவுக்கு வருகின்றன. அதே தொடர்பு நியாயவிலைக் கடையில் அரிசியின் எடையை ரசீதோடு இணைக்கிறது. அதன் செயற்பாட்டை விளக்குகிறது இப்பாடம்.

உத்திரமேரூர் வைகுண்டப்பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் பராந்தக சோழனின் கல்வெட்டுகள் உள்ளன. கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அவற்றைக் குடவோலை முறைக்காகவே நாம் பெரிதும் நினைவுகூர்கிறோம். அவற்றுள் மற்றொரு செய்தியும் உண்டு. வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாதவர் பெயரும் அவர்தம் நெருங்கிய உறவினர் பெயரும் குடத்தில் இடப்படமாட்டா. பொதுப்பொருளைக் கையாள்பவர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் அந்த எதிர்பார்ப்பு, இன்று நியாயவிலைக் கடை வரிசையில் எளிய வினாவாக எழுகிறது. ரசீதில் உள்ள எடை பையில் இருக்கிறதா?

தமிழ்நாட்டில் 2017 ஆம் ஆண்டு தாள் குடும்ப அட்டைகளுக்கு மாற்றாக மின்னணு அட்டைகள் வழங்கப்பட்டன. விற்பனையாளரின் கைக்கு விற்பனை முனையக் கருவி வந்தது. 'பி.ஓ.எஸ். மெஷின்' என்று மக்கள் சொல்லும் அக்கருவி, கையில் ஏந்தும் ஒரு கணினியே. எனினும் ஒரு குறை நீடித்தது. தராசு காட்டுவது ஓர் எண். கருவியில் பதிவது மற்றோர் எண். இரண்டுக்கும் நடுவே மனிதக் கை இருந்தது. பதினெட்டரைக் கிலோவை நிறுத்துக் கொடுத்துவிட்டு இருபது என்று பதிய அங்கே வழி இருந்தது. அண்மையில் தராசையும் கருவியையும் புளூடூத் வழியே இணைத்தது அவ்வழியை அடைப்பதற்காகவே. உரிய எடை தராசில் வந்தால்தான் ரசீது வரும்.

தமிழில் ஊடலை எனப்படும் புளூடூத், 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டிய வானொலி அலைகளில் இயங்குகிறது. அருகலையும் நுண்ணலை அடுப்பும் பயன்படுத்தும் இடம் அதுவே. அத்தனை இரைச்சலில் தராசின் குரல் எவ்வாறு கேட்கிறது? வழக்கமான புளூடூத் முறை, அலைப்பரப்பை 79 தடங்களாகப் பகுத்துக்கொள்கிறது. நொடிக்கு 1600 முறை தடம் மாறுகிறது. எந்த வரிசையில் மாறுவது என்பதை இணைந்த இரு கருவிகளும் அறியும். ஒரு தடத்தில் இடையூறு நேர்ந்தால் அடுத்த தடத்தில் செய்தி மீண்டும் செல்லும். ஆற்றல் மிகக் குறைவாதலால் பொதுவாகப் பத்து மீட்டர் அளவிலேயே அலை ஓய்ந்துவிடும். நடுவில் ஆள் நின்றாலும் வலுவிழக்கும்; நம் உடலிலுள்ள நீர் அவ்வலைகளை உறிஞ்சிக்கொள்கிறது.

தெரிந்து தெளிவோம்
எரிக்சன் நிறுவனம் 1994 இல் தொடங்கிய முயற்சி இது. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் மன்னர் ஹரால்டு புளூடூத்தின் பெயரை இதற்கு இட்டனர். உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் அதே நூற்றாண்டின என்பது சுவையான தற்செயல்.

கடையில் வரிசை நின்றுபோனால் 'புளூடூத் வேலை செய்யவில்லை' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் கருவிக்குத் தொடர்புகள் இரண்டு. தராசோடு பேசுவது புளூடூத். தொலைவிலுள்ள வழங்கியோடு பேசுவது சிம் அட்டை வழியான செல்பேசி வலையமைப்பு. விரல்ரேகை சரிபார்ப்பு தாமதமானால் பழி தராசின்மீது விழுவது முறையன்று. ஆயினும் ஒவ்வொரு பொருளையும் தனித்தனியே நிறுத்துப் பதிவதால் நேரம் கூடுகிறது என்னும் பணியாளர் முறையீட்டில் நியாயம் உண்டு. அரைநாள் கூலியை விட்டுவிட்டு வரிசையில் நிற்பவருக்கும் அது இழப்பே.

பணியாளர்களின் மற்றொரு முறையீடு இன்னும் ஆழமானது. கிடங்கிலிருந்து வரும் மூட்டையிலேயே எடை குறைந்திருந்தால் அந்தக் குறையை யார் ஏற்பது? கடைத் தராசு காட்டும் எடை நேரே கருவியில் பதிகிறது. ஆனால் அது சாட்சி சொல்வது தன் தட்டில் ஏறிய பொருளுக்கு மட்டுமே. கிடங்கின் வாயிலிலும் சரக்குந்திலும் நடந்ததை அது அறியாது. அங்கும் மூட்டையை நிறுத்து, அந்த எண்ணையும் மனிதக் கை படாமல் பதியவேண்டும் என்று அவர்கள் கேட்பது அதனால்தான்.

கற்பவை கற்றபின்...
உங்கள் பகுதி நியாயவிலைக் கடையில் ஒரு குடும்ப அட்டைக்குப் பொருள் வழங்க எவ்வளவு நேரம் ஆகிறது எனக் கண்டறிக. அதில் நிறுப்பதற்கும் விரல்ரேகைக்கும் ஆகும் நேரத்தைத் தனித்தனியே குறித்து, விற்பனையாளரிடமும் வரிசையில் நிற்பவரிடமும் கேட்டவற்றோடு சேர்த்துக் கட்டுரையாக்குக.