மனுவும் தண்டவாளமும்

பாரிட் புந்தார் நிலையத்திலிருந்து தெற்கே புறப்படும் மின்சார இரயில், நெல்வயல்களைக் கடந்து புக்கிட் மேரா ஏரியின் மேல் செல்கிறது. கிரியான் மாவட்ட வயல்களுக்கு நீர் வழங்க 1906-ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நீர்த்தேக்கம் அது. அதன் குறுக்கே ஏறத்தாழ 3.5 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாலம் நிற்கிறது. ஈப்போவுக்கும் பாடாங் பெசாருக்கும் இடையே 329 கிலோமீட்டர் தூரத்திற்கு அமைக்கப்பட்ட மின்சார இரட்டைத் தண்டவாளத் திட்டத்தின் ஒரு பகுதி இது. 2008-இல் தொடங்கிய வேலை 2014-இன் இறுதியில் நிறைவடைந்தது.

சன்னலோரம் அமர்ந்திருக்கும் பயணிக்கு இப்பாலம் ஓர் அழகிய காட்சி. ஆனால், எந்தப் பாதையும் யாரோ ஒருவரின் நிலத்தின் வழியாகவோ வீட்டை ஒட்டியோதான் செல்கிறது. பாதிக்கப்படுபவர் தம் குறையை எங்கே சொல்வது? சொன்னால் யார் கேட்பார்?

மலேசியாவில் இதற்கு வழிகாட்டுவது 2010-ஆம் ஆண்டின் தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டம். புதிய இரயில் திட்டத்திற்கு இறுதி ஒப்புதல் கிடைப்பதற்குமுன் அதன் வரைபடங்கள் மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படவேண்டும். அக்காலத்தில் எவரும் கருத்தையும் ஆட்சேபத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். சுங்கை பூலோ – காஜாங் எம்.ஆர்.டி. பாதையின் வரைபடங்கள் 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை இவ்வாறு வைக்கப்பட்டன. அப்பாதைக்காகக் கோலாலம்பூர் ஜாலான் சுல்தானில் உள்ள பழைய கடைவீடுகளின் நிலம் கையகப்படுத்தப்படும் என்ற செய்தி பெரும் எதிர்ப்பைக் கிளப்பியது. நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பிறகு கடை உரிமையாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது. சுரங்கம் அடியில் சென்றது; கடைகள் மேலே நின்றன.

பிரிட்டனில் வழக்கம் வேறு. அங்குப் பெரிய இரயில் பாதைக்கு நாடாளுமன்றமே தனிச் சட்டம் இயற்றுகிறது. ஆட்சேபங்களையும் நாடாளுமன்றக் குழுவே நேரில் கேட்கிறது. இது மிகப் பழைய மரபு. லிவர்பூல் – மான்செஸ்டர் இரயில் பாதைக்கான மசோதா 1825-இல் குழுவின் முன் வந்தது. நில உரிமையாளர்களும் கால்வாய் முதலாளிகளும் அதை எதிர்த்தனர். அவர்களுடைய வழக்கறிஞர்கள் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனைத் துருவித் துருவிக் கேட்டபோது, அவருடைய நில அளவையில் இருந்த பிழைகள் வெளிப்பட்டன. மசோதா தோற்றது. பாதையை மாற்றி, அளவையைத் திருத்தி, மறு ஆண்டு மீண்டும் கொண்டுவந்த பிறகே அது நிறைவேறியது. எதிர்த்தவர்களின் நோக்கம் தன்னலமாகவே இருந்திருக்கலாம். ஆனாலும் பிழையான அளவையின்மேல் பாதை போடப்படாமல் போனதற்கு அவர்களே காரணம்.

அண்மைக் காலத்தில் இம்முறை பெரிய அளவில் செயல்பட்டது, இலண்டனையும் பர்மிங்காமையும் இணைக்கும் எச்.எஸ்.2 அதிவேக இரயில் திட்டத்தில்தான். ராபர்ட் சிம்ஸ் தலைமையிலான குழு 2014 முதல் 2016 வரை ஏறத்தாழ 160 நாள் அமர்ந்து, சுமார் 1,600 மனுக்களை விசாரித்தது. மனுக் கட்டணம் 20 பவுண்டு. வழக்கறிஞர் வைக்க இயலாதவர் தாமே வந்து பேசலாம். பக்கத்து நாற்காலியில் திட்டத்தின் வழக்கறிஞர் இருப்பார். மனுதாரர் பேசியதும் அவர் பதில் சொல்லியாகவேண்டும். குழுவினர் பாதை செல்லும் ஊர்களுக்கும் நேரில் சென்று பார்த்தனர்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. இரயில் பாதை வேண்டுமா, வேண்டாமா என்பதை நாடாளுமன்றம் முன்னரே முடிவு செய்துவிடுகிறது. அதைப் பற்றிக் குழுவிடம் வாதிட இயலாது. திட்டத்தால் நேரடியாகப் பாதிக்கப்படுவோர் மட்டுமே மனுச் செய்யலாம். இந்த விதி பலருக்குக் கசந்தது, கசந்ததில் வியப்பில்லை. வீடு இழப்பவரிடம் சத்தத் தடுப்புச் சுவரின் உயரத்தைப் பற்றி மட்டும் பேசு என்றால் அவர் மனம் ஆறுமா?

ஆயினும், எல்லைக்குள் நின்று கேட்டவர்கள் சிலவற்றைப் பெற்றனர். சில்டர்ன் குன்றுப் பகுதியில் சுரங்கப்பாதை மேலும் 2.6 கிலோமீட்டர் நீட்டப்பட்டது. மாறாக, கோல்ன் பள்ளத்தாக்கு மக்களின் கோரிக்கை ஏற்கப்படவில்லை. அங்குள்ள ஏரிகளுக்குமேல் பாலம் வேண்டாம், அடியில் சுரங்கம் தோண்டுங்கள் என்று அவர்கள் கேட்டிருந்தனர். புக்கிட் மேரா பாலத்தைப்போலவே நீர்ப்பரப்பின் மேல் செல்லும் அந்தப் பாலம், சுமார் 3.4 கிலோமீட்டர் நீளத்தில் இன்று அங்கே நிற்கிறது.

வென்றவர் மனுவும் தோற்றவர் மனுவும் ஒரே வகையில் பதிவாயின. பேசிய ஒவ்வொரு சொல்லும் எழுத்தில் வெளியிடப்பட்டது. எனவே, தம் கோரிக்கை ஏன் மறுக்கப்பட்டது என்பதைக் கோல்ன் பள்ளத்தாக்கு மக்கள் படித்து அறிய முடிந்தது.

மலேசியாவில் எம்.ஆர்.டி. 3 பாதையின் வரைபடங்கள் 2024 செப்டம்பர் 2 முதல் டிசம்பர் 2 வரை மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. அத்தகைய காட்சிக்குச் செல்பவர் முதலில் தம் வீடு வரைபடத்தில் எங்கிருக்கிறது என்று தேடுகிறார். பிறகு படிவம் ஒன்று கைக்கு வருகிறது. "இத்திட்டம் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதலாம். அல்லது நில எண்ணைக் குறிப்பிட்டு, தண்டவாளம் வீட்டிலிருந்து எத்தனை மீட்டரில் வருகிறது, எது பாதிக்கப்படும், பாதை எந்தப் பக்கம் விலகினால் போதும் என்றும் எழுதலாம். இரண்டாவது வகை மனுவைப் படிக்கும் அதிகாரி வரைபடத்தை மீண்டும் விரித்துப் பார்த்தாகவேண்டும்.