எது தக்கது? அன்றாட வாழ்வில் அறம் தேரும் நெறி

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கம்பத் திருவுருவாய் எழுந்தருளியிருக்கும் கலியுக வரதராசப் பெருமாளைச் சேவிக்க, இராமநவமித் திருவிழாக் காலத்தில் உழவர் பெருமக்கள் தம் நிலத்தில் விளைந்த தானியத்தைக் காணிக்கையாகச் சுமந்து வருவர். சந்நிதியில் சேர்க்கும் தானியத்தில் பதரைக் கலக்க ஒருவர்க்கும் மனம் வாராது. சந்தைக்குப் போகும் மூட்டையிலும் அந்த மனம் நம்மிடம் நிலைக்கின்றதா? அடியார்கள் சிந்திக்கத்தக்க வினா இது.

பெரம்பலூர்ப் பகுதியில் சின்ன வெங்காயம் பயிரிட்ட ஓர் உழவரை எண்ணிக்கொள்வோம். பட்டறையில் சேமித்த காயில் ஒரு பகுதி அழுகிவிட்டது. மகளின் திருமணத்திற்கு நாள் குறித்தாயிற்று. கடனுக்கு வட்டியும் ஏறுகின்றது. அழுகலை மூட்டையின் நடுவே வைத்து, மேலும் கீழும் நல்ல காயை நிரப்பினால் எவர் அறிவார்? அவர் செய்யத்தக்கது யாது?

இத்தகைய ஐயங்களை ஆராய்ந்த அறநூலார் மூன்று வழிகளைக் காட்டினர்.

முதலாவது கடமை நெறி. செருமானிய அறிஞர் இம்மானுவேல் காண்ட் (1724–1804), நாம் செய்யத் துணிவதை எல்லாரும் பொதுவிதியாகக் கொண்டால் அது நிலைக்குமா என்று வினவச் சொன்னார். உழவர் அனைவரும் அழுகலை மறைத்தால் மூட்டையை நம்பி வாங்குவார் எவரும் இரார். பிறர் நேர்மையாயிருக்கும் வரையில்தான் ஒருவரது வஞ்சனை பலிக்கும்.

இரண்டாவது பயன் நெறி. ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் (1806–1873), செயலால் தாக்கமுறுவோர் அனைவரின் நலத்தையும் நடுநிலையோடு எண்ணச் சொன்னார். உழவரின் கணக்கில் மகளின் திருமணம் உண்டு. அம்மூட்டையை வாங்கி நட்டமுறும் சிறு வியாபாரியின் வீட்டு அடுப்பும் உண்டு.

மூன்றாவது பண்பு நெறி. பழங்காலக் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டில், செய்து பழகியதே குணமாகின்றது என்றார். இன்று ஒரு மூட்டையில் மறைத்தவர், நாளை எத்தகையவர் ஆவார்?

இங்கு மூன்று நெறிகளும் ஒருமுகமாக வழிகாட்டுகின்றன. எங்கும் அவ்வாறு அமைவதில்லை. வீடணன் அடைக்கலம் வேண்டி வந்தபோது சுக்கிரீவன் முதலானோர் படைக்கு நேரக்கூடிய தீங்கை எண்ணி அஞ்சினர். அது பயன் பற்றிய கவலை. அதனை இகழ்தற்கில்லை. இராமபிரான் எல்லார் கருத்தையும் கேட்டருளிய பின்னரே, சரணென்று வந்தவரைக் கைவிடலாகாது என்னும் தம் விரதத்தின்வழி நின்றார். முடிவைப் போலவே, அதற்குமுன் பொறுமையுடன் கேட்டதும் நமக்குப் பாடமாகும்.

நெறிகள் முரண்பட்ட வேறொரு நிகழ்ச்சிக்கு இம்மண்ணே சான்று. 1956 நவம்பர் 23ஆம் நாள், சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற விரைவு ரயில், வெள்ளம் பெருகிய மருதையாற்றுப் பாலத்தருகே அரியலூருக்கு அண்மையில் கவிழ்ந்தது. 100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டே முன்னர் மகபூப்நகரில் நேர்ந்த விபத்தை ஒட்டி ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தபோது, பிரதமர் நேரு அதனை ஏற்கவில்லை. அரியலூர் விபத்திற்குப்பின் சாஸ்திரியார் மீண்டும் விலகல் மடல் அளித்தார். இம்முறை அது ஏற்கப்பட்டது. விபத்துக்கு அவர் பொறுப்பு என்பதனால் அன்று, பொதுவாழ்வுக்கு முன்மாதிரியாக அமையும் என்பதனாலேயே ஏற்பதாக நேரு நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

திறமுடைய ஓர் அமைச்சர் விலகுவதால் மாண்டார் மீள்வரோ, பாலம் வலுப்பெறுமோ என்று பயன் நெறி வினவும். அவ்வினா நேரியதே. பாலத்தைச் செப்பஞ்செய்யும் கடமை விலகலால் தீர்ந்துவிடாது. ஆயினும், ஒரு பொறுப்பின் பெருமையை ஏற்றவர் அதன் சுமையையும் ஏற்க வேண்டும் என்று கடமை நெறி கூறும். பழியைக் கீழுள்ளார்மேல் தள்ளாத உள்ளம் எத்தகையது என்பதைப் பண்பு நெறி காட்டும். சாஸ்திரியார் 1957இல் மீண்டும் அமைச்சராகி, 1964இல் பிரதமரும் ஆனார். ஆனால் விலகிய நாளில் அவர் இவற்றை அறிந்திருக்க இயலாது. இழப்பை மட்டுமே அறிந்திருந்தார்.

நம் உழவரிடம் திரும்புவோம். அவர் அழுகலைப் பிரித்தெடுத்தால் எடை குறையும். கடன் அப்படியே நிற்கும். அறவழியில் இழப்பே இல்லை என்று அவருக்கு உரைப்பது பொய்யாகும். அறநூல்கள் அவ்விழப்பை நீக்க வல்லன அல்ல. “எல்லாரும் செய்வதுதானே” என்று நெஞ்சம் தன்னையே ஏமாற்றுவதைத் தடுக்க அவை வல்லன. அவரது நேர்மைக்குரிய விலை முழுவதையும் அவரே தனித்துச் செலுத்தும்படி விட்டுவிடாமல், கடன் கொடுத்தவர் தவணை நீட்டுவதும், உறவினர் கைகொடுப்பதும் நம் கடமையில் அடங்கும்.

ஆகவே ஐயம் எழும்போதெல்லாம் மூன்று வினாக்களை நம்மிடமே கேட்போமாக: இதை எல்லாரும் செய்யலாமா? இதனால் யார் யார் வருந்துவர்? இதைச் செய்த நான் எத்தகையவன் ஆவேன்? விடைகள் முரண்படுமாயின், நம் ஆதாயம் எந்த விடையின் பக்கம் சாய்கின்றதோ அவ்விடையை மறுமுறையும் சோதிப்போமாக. சந்நிதிக்குரிய காணிக்கையை அளந்த அதே கையால் சந்தைக்குரிய மூட்டையையும் நிரப்புவோமாக.