வாகை மரம்: வைரம் பார்த்து வாங்குவோம்

வெற்றி பெற்றவரை 'வாகை சூடினார்' என்கிறோம். போரில் வென்றவர்கள் அக்காலத்தில் சூடியது வாகைப் பூ. கோடையில் இளம்பச்சை கலந்த வெண்மையில் குஞ்சம் குஞ்சமாய்ப் பூத்து மணக்கும் இம்மரம், சாலையோரத்தில் நல்ல நிழலும் தருகிறது. இதன் பலகை மேஜை, அலமாரி, கல்லாப்பெட்டி செய்யவும் ஏற்றது. அந்தமானில் 'கொக்கோ' எனப்படும் இது, வெளிநாட்டு மரச் சந்தையில் 'ஈஸ்ட் இண்டியன் வால்நட்' என்று பெயர் பெற்றது.

கடைக்கு மரச்சாமான் செய்யும் வணிகர்கள் கவனிக்க வேண்டியவை:

1. மரத்தின் உள்பகுதி வைரம். கரும்பழுப்பு நிறத்தில் கருங்கோடுகள் ஓடும். அழகும் உழைப்பும் இதில்தான். வெளிப்பகுதி வெள்ளை. வாகையில் வெள்ளை அகலமாக இருக்கும். அதிலுள்ள மாவுச்சத்தைத் தேடி வண்டு துளைக்கும். ஊசித் துளையும் மாவு போன்ற தூளும் தெரிந்தால் அந்தப் பலகை வேண்டாம்.

2. சாயம் பூசி பாலிஷ் போட்டால் வெள்ளையும் வைரம்போல் தோன்றும். ஆகவே பாலிஷுக்கு முன்பே பலகையைப் பாருங்கள். செய்த சாமான் என்றால் இழுப்பறையை உருவி, பாலிஷ் படாத உட்புறத்தைப் பாருங்கள்.

3. தூங்குமூஞ்சி மரத்தை வாகை என்று விற்பதும் உண்டு. அதன் பூ இளஞ்சிவப்பு. காய் தடித்துச் சதைப்பற்றாக இருக்கும். வாகைக் காயோ தட்டையானது. காய்ந்தால் காற்றில் கலகலக்கும். நிற்கும் மரத்தை விலை பேசுவோருக்கு இதுவே அடையாளம்.

4. அடக்கத்தைச் சரியாகப் போடுங்கள். கன அடி 900 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 4 கன அடிக்கு 3,600 ரூபாய். அதில் கால் பங்கு வெள்ளை என்றால் வைரம் 3 கன அடிதான். அப்படியானால் வைரத்தின் அடக்கம் கன அடிக்கு 1,200 ரூபாய்! இதை அறியாமல் 'மலிவு' என்று வாங்குவது நஷ்டம்.

5. நன்கு உலர்ந்த பலகையையே வாங்குங்கள். ஈரப் பலகை பின்னர் வளையும், வெடிக்கும். இம்மரத்தை அறுக்கும் தூள் தும்மலை உண்டாக்கும்; தச்சு வேலையைச் சரக்கு இருக்கும் இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மூட்டையில் குத்தூசி விட்டுச் சரக்குப் பார்ப்பது நம் வழக்கம். மேல் அரிசியைக் கண்டு விலை பேசுவதில்லை. மரத்திலும் அதே வழக்கத்தைக் கடைப்பிடிப்போம். வைரம் பாய்ந்த வாகையில் செய்த கல்லாப்பெட்டி, பிள்ளைகள் காலத்திலும் கடையில் நிற்கும்.