முடக்குவாதமும் மனமும்: அளவறிந்து வாழ ஒரு முழுமையான வழிகாட்டி

ரத்தப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. முடக்குவாதம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மாத்திரைகளும் தொடங்கியாயிற்று. ஆனால் நாளைக் காலை எழுந்ததும் எவ்வளவு வேலை செய்யலாம், எதை விட்டுவிடலாம், வலி குறைந்த நாளில் எவ்வளவு ஓடலாம் என்பது மருந்துச் சீட்டில் இருக்காது. புதிதாக நோய் தெரியவந்தவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது இங்கேதான்.

இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. சரவாங்கி என்றும் ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்றும் சொல்லப்படும் முடக்குவாதத்தை மையமாக வைத்து எழுதியிருக்கிறோம். உடலின் எதிர்ப்பு மண்டலம் உடலையே தாக்கும் ஆட்டோ இம்யூன் நோய்களில் லூபஸ், சோரியாட்டிக் மூட்டுவாதம் போன்ற மற்றவற்றுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: இது மருந்துக்கு மாற்று அல்ல. மூட்டு சிதையாமல் காப்பது மருந்துதான். அந்த மருந்தோடு அன்றாடத்தை எப்படி நடத்துவது என்பதே இங்கே பேச்சு.

படி 1: களைப்பு எங்கிருந்து வருகிறது?

கிருமிகளைத் தாக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம், மூட்டின் உள்சவ்வைத் தாக்குவதே முடக்குவாதம். அப்போது டி.என்.எஃப், இன்டர்லூகின்-6 போன்ற வேதிப்பொருள்கள் உடலில் கூடுகின்றன. காய்ச்சல் வந்தால் சாப்பிடப் பிடிக்காமல், பேசப் பிடிக்காமல், படுத்துக்கொள்ளத் தோன்றுகிறதே, அதற்குக் காரணமும் இவைதான். காய்ச்சல் சில நாளில் போய்விடும். முடக்குவாதத்தில் இந்த நிலை வாரக்கணக்கில் நீளலாம். ஒரு நல்ல தூக்கம் போட்டால் தீராத களைப்பு இது. மனநிலையையும் இதே வேதிப்பொருள்கள் கீழே இழுக்கும்.

ஆகவே இது சோம்பேறித்தனம் இல்லை. நோயின் ஒரு பகுதி.

அதே சமயம், எல்லாக் களைப்புக்கும் முடக்குவாதத்தையே காரணம் காட்டிவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு குறைபாடு, வலியால் கெடும் தூக்கம், மனச்சோர்வு என எதுவும் கூடச் சேர்ந்திருக்கலாம். இவற்றுக்குத் தனியாக மருத்துவம் உண்டு. அடுத்த முறை போகும்போது, “களைப்புக்கு வேறு காரணம் இருக்கிறதா, பார்க்க முடியுமா டாக்டர்?” என்று கேளுங்கள்.

படி 2: இரண்டு வாரம் குறிப்பெடுங்கள்

ஒரு பழைய டைரி போதும். தினமும் இரவு ஐந்து நிமிடம் ஒதுக்கி இவற்றை எழுதுங்கள்:

- காலையில் மூட்டு இறுக்கம் எவ்வளவு நேரம் இருந்தது
- வலி, களைப்பு இரண்டுக்கும் 0 முதல் 10 வரை ஒரு மதிப்பெண்
- செய்த முக்கிய வேலைகள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம்
- தூங்கிய நேரம்
- மனம் எப்படி இருந்தது, ஒரே வரியில்
- அன்று எடுத்த மருந்து

எழுதியதை இரண்டிரண்டு நாளாகச் சேர்த்துப் படியுங்கள். அதிக உழைப்பின் விலை பல நேரம் அன்றைக்குத் தெரியாது. மறுநாளோ அதற்கடுத்த நாளோ தெரியும். வெள்ளிக்கிழமை வீடு முழுக்கக் கழுவிவிட்டதும் ஞாயிற்றுக்கிழமை விரல் மடங்காததும் ஒரே கதையின் இரண்டு பக்கங்கள் என்பது எழுதினால்தான் பிடிபடும்.

மருந்தின் தாக்கமும் இதில் தெரியும். முடக்குவாதத்துக்குப் பரவலாகத் தரப்படும் மெதோட்ரெக்சேட், வாரத்தில் ஒரே ஒரு நாள் எடுக்க வேண்டிய மருந்து. தவறி தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அதை எடுத்த மறுநாள் சிலருக்குக் குமட்டலும் அசதியும் இருக்கும். உங்களுக்கும் அப்படியென்றால் மருத்துவரிடம் கேட்டு, மறுநாள் விடுமுறையாக வரும்படி மருந்து நாளை வைத்துக்கொள்ளலாம்.

படி 3: நல்ல நாளில்தான் கவனம் தேவை

முடியாத நாளில் யாருக்கும் அறிவுரை தேவையில்லை; உடலே உட்கார வைத்துவிடும். வலி குறைந்து, கை லேசாக இருக்கிற காலைதான் ஆபத்தானது. கிடந்த வேலையெல்லாம் கண்ணில் படும். போர்வைகளை ஊறவைத்து, பரணை ஒழித்து, மாலையில் கோயிலுக்கும் போய்வருவோம். அடுத்த இரண்டு நாள் படுக்கை. படுத்திருக்கும்போது, “எல்லாம் மற்றவர்கள் தலையில் விழுகிறதே” என்ற குற்ற உணர்வு. அந்த உணர்வே அடுத்த நல்ல நாளில் இன்னும் வேகமாக ஓடவைக்கும்.

இந்தச் சுழலில் உடலும் மனமும் சேர்ந்தே மாட்டிக்கொள்கின்றன. ஓய்வு மட்டும் எடுத்தால் குற்ற உணர்வு வளரும். மனதை மட்டும் தேற்றினால் உடல் மறுபடி விழும். எனவே இரண்டுக்கும் சேர்த்தே அளவு வகுக்க வேண்டும்.

படி 4: உங்கள் அளவைக் கண்டுபிடியுங்கள்

வலி வந்ததும் நிறுத்துவது பலருடைய வழக்கம். வலி வந்துவிட்டால் ஏற்கெனவே தாமதம். வலியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தப் பழகுங்கள்.

1. ஒரு வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். உதாரணம்: நின்றபடி சமைப்பது.
2. சுமாரான மூன்று நாள்களில், சிரமம் தொடங்கும்வரை எத்தனை நிமிடம் முடிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். 20, 12, 16 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 16.
3. அதில் முக்கால் பங்கு, அதாவது 12 நிமிடம், உங்கள் தொடக்க அளவு.
4. செல்போனில் 12 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். அடித்ததும் உட்காருங்கள். நன்றாக இருந்தாலும் உட்காருங்கள். ஐந்து, பத்து நிமிடம் கழித்துத் தொடரலாம்.
5. ஒரு வாரம் தொல்லையில்லாமல் போனால் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டுங்கள். தொல்லை வந்தால் பழைய அளவுக்குத் திரும்புங்கள்.

நன்றாக இருக்கும்போதே நிறுத்துவது முதலில் எரிச்சலாக இருக்கும். அந்த எரிச்சலைத் தாங்குவதுதான் இதில் கடினமான பாடம்.

படி 5: வேலைகளைப் பிரித்துப் போடுங்கள்

ஞாயிறு மாலை அந்த வாரத்து வேலைகளை எழுதி, நான்காகப் பிரியுங்கள்: நான்தான் செய்ய வேண்டியவை, வேறொருவர் செய்யக்கூடியவை, தள்ளிப்போடக்கூடியவை, செய்யாவிட்டால் ஒன்றும் கெட்டுப்போகாதவை. நான்காவது பட்டியல் பெரும்பாலும் எதிர்பார்த்ததைவிட நீளமாக இருக்கும்.

பிறகு கனமான வேலைகளை ஒரே நாளில் குவிக்காமல் வாரம் முழுக்கப் பரப்புங்கள். ஒரு கனமான வேலைக்குப் பின் உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று வரட்டும்.

சமையலறையில்: காலை இறுக்கம் விலகக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் காய்கறியை முந்தின மாலையே நறுக்கி வையுங்கள். எழுந்ததும் கையை வெதுவெதுப்பான நீரில் சிறிது நேரம் வைத்து மெல்ல விரித்து மடக்குங்கள். அரிவாள்மணை முன் குந்துவதைவிட மேசையில் கத்தி நல்லது. அடுப்புக்கு அருகே உயரமான ஸ்டூல் ஒன்று போடுங்கள். குக்கரையும் கனமான வாணலியையும் இரண்டு கையாலும் தூக்குங்கள். சப்பாத்தி மாவு பிசைவது, முறுக்கு பிழிவது, துணி முறுக்கிப் பிழிவது மூன்றும் விரல் மூட்டுக்குப் பகை. இவற்றை முதலில் கைமாற்றி விடுங்கள். கடைப் பையை விரலில் தொங்கவிடாமல் முன்கையிலோ தோளிலோ மாட்டுங்கள்.

அலுவலகத்தில்: அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நாலடி நடங்கள். முக்கியமான வேலையை உங்கள் உடல் நன்றாக இருக்கும் நேரத்துக்கு நகர்த்துங்கள். பலருக்கு அது முற்பகலின் பிற்பகுதி.

கல்யாணம், பண்டிகை: முந்தின நாளையும் மறுநாளையும் காலியாக வையுங்கள். மாலை வரவேற்பு, காலை முகூர்த்தம் இரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். பொங்கலுக்கு வீட்டை ஒழுங்குபடுத்துவதை மார்கழித் தொடக்கத்திலேயே, நாளுக்கு ஓர் அலமாரியாகத் தொடங்கலாம்.

படி 6: அசையாமல் கிடப்பது ஓய்வு அல்ல

அளவோடு இருங்கள் என்றால் படுத்தே இருங்கள் என்று பொருள் இல்லை. அசையாத தசை மெலியும், மெலிந்த தசை மூட்டைத் தாங்காது, களைப்பும் கூடும். மூட்டழற்சி உள்ளவர்களுக்கு உடற்பயிற்சி பாதுகாப்பானது, தேவையானது என்றே வாதநோய்களுக்கான ஐரோப்பிய அமைப்பான யூலார் 2018இல் வெளியிட்ட பரிந்துரைகள் சொல்கின்றன. நடை, நீச்சல், பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் தசைப் பயிற்சிகள் நல்ல தொடக்கம்.

எவ்வளவு என்பதற்கு ஓர் எளிய விதி: பயிற்சியால் கூடிய வலி இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அடுத்த முறை குறைத்துக்கொள்ளுங்கள். வீங்கிச் சூடாக இருக்கும் மூட்டுக்குப் பளு வேண்டாம். மெல்ல மடக்கி நீட்டினால் போதும். லூபஸ் உள்ளவர்களுக்கு வெயில் நோயைத் தூண்டும் என்பதால் அவர்கள் நடையை வெயிலுக்கு முன்போ பின்போ வைத்துக்கொள்ள வேண்டும்.

படி 7: மனதுக்கும் நேரம் ஒதுக்குங்கள்

கோலம் போட்ட கை, பேருந்தில் ஓடி ஏறிய கால் என்று பழைய உடலை நினைத்து அழுகை வருவது இயல்பு. இழப்புக்குத் துக்கம் உண்டு. அதை அடக்கி “எனக்கு ஒன்றுமில்லை” என்று திரிய வேண்டியதில்லை.

ஆனால் “நான் எல்லோருக்கும் சுமை” என்ற எண்ணத்தை வந்தபடியே விட்டுவிடாதீர்கள். அதைத் தாளில் எழுதுங்கள். அதே நிலையில் உங்கள் தங்கை இருந்தால் அவளிடம் என்ன சொல்வீர்களோ, அதைக் கீழே எழுதுங்கள். ஒரு நாளை அளக்கும் கோலையும் மாற்றுங்கள். எத்தனை வேலை முடிந்தது என்று எண்ணாமல், அலாரம் அடித்ததும் நிறுத்தினேனா என்று பாருங்கள்.

மருந்தும் மனதை ஆட்டலாம். பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டு சிலருக்குத் தூக்கத்தைக் கெடுக்கும், எரிச்சலும் அழுகையும் தரும், முகத்தை உப்பவைக்கும். மருத்துவரிடம் சொல்லுங்கள், அளவையோ நேரத்தையோ மாற்றுவார். நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொள்வதால் திடீரென விட்டால் உடல் ஆபத்தான நிலைக்குப் போகலாம்.

மனச்சோர்வைக் கண்டுகொள்ள மருத்துவர்கள் கேட்கும் இரண்டு கேள்விகள் உண்டு. கடந்த இரண்டு வாரத்தில், எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் இருந்ததா? மனம் தாழ்ந்து, நம்பிக்கை இழந்து இருந்ததா? பாதிக்கு மேற்பட்ட நாள்களில் “ஆமாம்” என்றால் உதவி தேவை. மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாக அழைத்துத் தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் உடனே அழையுங்கள். பக்கத்தில் இருப்பவரிடமும் சொல்லுங்கள்.

படி 8: வீட்டாரிடம் எப்படிச் சொல்வது?

“பார்க்க நல்லாத்தானே இருக்கே?” இந்தக் கேள்வியைக் கேட்காத நோயாளி இல்லை. சென்னையில் வளர்ந்த நடிகை சமந்தா, தனக்கு மயோசைடிஸ் என்னும் ஆட்டோ இம்யூன் நோய் இருப்பதாக 2022 அக்டோபரில் வெளிப்படையாகச் சொன்னார். திரையில் திடமாகத் தெரிபவருக்குள்ளும் இப்படியொரு நோய் இருக்கலாம் என்பதை வீட்டாருக்குப் புரியவைக்க அந்தச் செய்தி உதவும்.

லூபஸ் நோயாளியான அமெரிக்க எழுத்தாளர் கிறிஸ்டின் மிசராண்டினோ 2003இல் சொன்ன ஒரு வழியும் உண்டு. தன் தோழியின் கையில் சில கரண்டிகளைக் கொடுத்து, ஒவ்வொரு அன்றாட வேலைக்கும் ஒன்றைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மாலைக்கு மிஞ்சியது ஒரே ஒரு கரண்டி. நீங்கள் புளியங்கொட்டையை வைத்தே பிள்ளைகளுக்கு இதைக் காட்டலாம்.

பொதுவாகப் புலம்புவதைவிடக் குறிப்பாகக் கேட்பது பலன் தரும்:

- மாமியாரிடம்: “அத்தை, காலையில ஒரு மணி நேரம் கை மடங்கலை. டிபன் மட்டும் நீங்க பாத்துக்கிட்டீங்கன்னா மத்தியானச் சமையலை நான் பாத்துக்கறேன்.”
- கணவரிடம்: “ஏங்க, மாவு அரைக்கிறதும் துணி காயப்போடறதும் இனிமே உங்க பொறுப்பு.”
- மருந்தை விடச் சொல்லும் உறவினரிடம்: “உங்க அக்கறை புரியுது சித்தப்பா. டாக்டரைக் கேக்காம எதையும் மாத்த மாட்டேன்.”

படி 9: முடியாத நாளுக்குத் திட்டம்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் நோய் கிளர்ந்தெழும் நாள்கள் வரும். அன்று யோசிக்கத் தெம்பு இருக்காது. இப்போதே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள்: அன்று செய்ய வேண்டிய மூன்றே வேலைகள், புளிக்காய்ச்சல், தோசை மாவு என்று எளிதில் ஆகும் உணவு, பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து அழைத்துவரும் ஆள், மருத்துவரின் எண்.

அதிக உழைப்பால் வந்த அசதி பெரும்பாலும் ஓரிரு நாள் ஓய்வில் தணியும். மூட்டு வீங்கி, காலை இறுக்கம் நாளுக்கு நாள் நீண்டால் அது நோயின் கிளர்ச்சி. ருமட்டாலஜி மருத்துவரைப் பாருங்கள். எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து எடுப்பவருக்குக் காய்ச்சல் வந்தாலோ, மூச்சுத்திணறல், விடாத வறட்டு இருமல், நெஞ்சுவலி, சிவந்து வலிக்கும் கண் ஆகியவற்றில் ஒன்று வந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது?

ஒன்பது படிகளையும் ஒரே வாரத்தில் ஏற முயலாதீர்கள், அதுவும் அளவுமீறல்தான். இன்று இரவு டைரியில் முதல் வரியை எழுதுங்கள். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு வேலைக்கு அலாரம் வையுங்கள். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போது அந்த டைரியைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். “எப்படி இருக்கீங்க?” என்று மருத்துவர் கேட்டால் “பரவாயில்லை” என்று சொல்லிவிடாமல், டைரியை அவரிடம் நீட்டுங்கள்.