மஜ்ஜை வார்டில் ஒரு மாணவி

விஞ்ஞானம் படிக்கும் நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நோயைப் பற்றிப் பேசத் தொடங்கினால் உயிரணு, மூலக்கூறு, மரபணு என்று உள்ளே உள்ளே போய்க்கொண்டே இருப்போம். நோயாளி படுத்திருக்கும் கட்டில் மறந்தே போய்விடும். சென்ற பருவத்தில் எனக்கு அந்தக் கட்டிலை நினைவூட்டியவள், நான் தங்கியிருக்கும் வீட்டிலேயே அறை எடுத்திருக்கும் ஒரு நர்ஸிங் மாணவி. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். என்னைவிட மூன்று வயது இளையவள். தில்லியின் பெரிய மருத்துவமனை ஒன்றில், குழந்தைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றும் வார்டுக்கு அவளை இரண்டு வாரப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள்.

முதல் நாள் மாலை வந்தவளிடம், “என்னம்மா கற்றுக்கொண்டாய்?” என்று கேட்டேன்.

“கையைக் கழுவினேன் அக்கா. அப்புறம் மறுபடியும் கழுவினேன். நாள் பூரா அதேதான்” என்றாள்.

அவள் குரலில் ஏமாற்றம் இருந்தது. உண்மையைச் சொன்னால் எனக்கும் ஏமாற்றந்தான். மஜ்ஜை மாற்று என்றால் ஏதோ பெரிய அறுவை, பெரிய இயந்திரம் என்று எண்ணியிருந்தேன். இரண்டு வாரம் கழிவதற்குள் இருவருமே வேறு மாதிரி எண்ணத் தொடங்கினோம்.

எலும்பின் உட்புறத்தில் குழைந்திருக்கும் சிவந்த பொருளே மஜ்ஜை. இரத்தத்தின் சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் பிறப்பது அங்கேதான். வளர்ந்த மனிதர் ஒருவரின் மஜ்ஜை நாள்தோறும் ஏறக்குறைய 20,000 கோடி சிவப்பணுக்களைச் செய்கிறது. இந்தத் தொழிற்சாலை பழுதானால், அல்லது பிறவியிலேயே தவறான சரக்கைச் செய்தால், வாழ்வே இடர்ப்படுகிறது. இரத்தப் புற்றுநோய் ஒரு வகைப் பழுது. தலசீமியா மற்றொரு வகை. கடுமையான தலசீமியா உள்ள குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறை பிறர் இரத்தம் ஏற்ற வேண்டும்; ஏற்ற ஏற்ற இரும்புச் சத்து இருதயத்திலும் ஈரலிலும் படிந்து வேறு தீங்கு செய்யும். நம் நாட்டில் ஆண்டுதோறும் இவ்வாறு பிறக்கும் குழந்தைகள் பத்தாயிரத்துக்குக் குறையாது என்று மதிப்பிடுகிறார்கள். பஞ்சாபி, சிந்திக் குடும்பங்களில் இந்நோய் மிகுதி. ஆதலால் தில்லியில் இது அரிய நோய் அன்று.

பழுதான மஜ்ஜையை அழித்துவிட்டுப் பிறருடைய மஜ்ஜையைக் குடியேற்றினால் என்ன? இந்த எண்ணத்தை விடாமல் பற்றி நின்றவர் அமெரிக்க டாக்டர் டானல் தாமஸ். 1956-ல் இரட்டையரில் ஒருவரின் மஜ்ஜையை மற்றவருக்குச் செலுத்தினார். 1990-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இடைப்பட்ட 34 ஆண்டுகளில் பெரும் பகுதி தோல்விகளின் வரலாறு. இந்தியாவில் 1983-ல் பம்பாய் டாட்டா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி, இரத்தப் புற்றுநோய் கண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையைக் கொடுத்தார். 1986-ல் நம் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் மாமன் சாண்டி இப்பணியைத் தொடங்கினார்.

யாருடைய மஜ்ஜையும் யாருக்கும் பொருந்திவிடாது. வெள்ளணுவின் மேலுள்ள எச்.எல்.ஏ. அடையாளங்கள் ஒத்திருக்க வேண்டும். தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி பெறுவதால், உடன்பிறந்த ஒருவர் முழுதும் ஒத்திருக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான் உண்டு. ‘நாம் இருவர் நமக்கு இருவர்’ என்று வாழும் குடும்பத்தில் இது எத்தனை சிறிய வாய்ப்பு என்பதைக் கணக்குப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உறவல்லாத கொடையாளரைத் தேடித் தரும் பதிவகங்கள் இதற்காகவே இருக்கின்றன. சென்னையில் 2009-ல் தொடங்கிய ‘தாத்ரி’ அவற்றுள் ஒன்று.

இனி வார்டுக்குள் போவோம். நான் போனதில்லை; போகவும் விடமாட்டார்கள். தோழி சொன்னதையும், அதன் பின் நூலகத்தில் நான் தேடிப் படித்ததையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அங்கே நாட்காட்டி வேறு. மஜ்ஜை செலுத்தும் நாளைப் பூஜ்ஜிய நாள் என்பார்கள். அதற்கு முன் ஒரு வாரம், பத்து நாள் கழித்தல் கணக்கு. பின்னர் கூட்டல் கணக்கு. கழித்தல் நாட்களில் கடுமையான மருந்துகளால் குழந்தையின் பழைய மஜ்ஜையை அழிக்கிறார்கள். பூஜ்ஜிய நாளில், மயக்கம் கொடுத்துக் கொடையாளரின் இடுப்பெலும்பிலிருந்து ஊசியால் உறிஞ்சிய மஜ்ஜை ஒரு பையில் வருகிறது. பார்ப்பதற்குச் சாதாரண இரத்தப் பை போலவே இருக்கும். குழந்தையின் நெஞ்சுப் பகுதியில் முன்பே பொருத்தியுள்ள குழாய் வழியே அது சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். கத்தி இல்லை, தையல் இல்லை. உள்ளே போன உயிரணுக்கள் இரசாயனக் குறிப்புகளைப் பின்பற்றித் தாமே எலும்புக்கு வழி கண்டு போய்ச் சேர்கின்றன. என் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். ஆனால் நர்ஸின் பாடம் அதற்கு அப்புறந்தான் தொடங்குகிறது.

புதிய மஜ்ஜை வேலை தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். அதுவரை குழந்தையின் உடலில் காவற்படையே இல்லை. கிருமியை முதலில் எதிர்க்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணு, ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் 1,500-க்கு மேல் இருக்க வேண்டியது, பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடுகிறது. மூன்று நாள் தொடர்ந்து 500-ஐத் தாண்டினால்தான் மஜ்ஜை வேர் பிடித்தது என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆகவேதான் அறையின் காற்றை ஹெபா வடிகட்டியில் செலுத்துகிறார்கள், 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களிலும் 99.97 சதவீதத்தை அது பிடித்துவிடும். கதவைத் திறந்தால் வெளிக்காற்று உள்ளே புகாமல், உள்காற்று வெளியே தள்ளும்படி அழுத்தத்தைக் கூட்டி வைத்திருப்பார்கள். கார்த்திகை மாதத் தில்லிக் காற்றைச் சுவாசிக்கும் நமக்கு அந்த அறைமேல் சற்றுப் பொறாமைகூட வரலாம்! ஆனால் வடிகட்டி காற்றைத்தான் வடிக்கும். நம் கைகளை வடிக்காது.

இங்கே தோழி சொன்ன ஒரு செய்தி என்னைத் திடுக்கிட வைத்தது. நமக்குப் புண் சீழ் பிடித்தால் கிருமி புகுந்தது தெரிகிறது. சீழ் என்பது பெரும்பாலும் மடிந்த வெள்ளணுக்களே அல்லவா? வெள்ளணுவே இல்லாத குழந்தைக்குச் சீழ் எங்கிருந்து வரும்? குழாய் நுழையும் இடத்தில் கிருமி புகுந்தாலும் வீக்கம், சீழ் எதுவும் பெரிதாகத் தெரியாது. காய்ச்சல் ஒன்றே அறிகுறி. சில வேளை அதுவும் இல்லாமல் குழந்தை சோர்ந்து கிடக்கும், அவ்வளவே. 38 டிகிரி தொட்டால் உடனே இரத்த மாதிரி எடுத்து, ஒரு மணி நேரத்துக்குள் கிருமிக்கொல்லி மருந்து ஏறத் தொடங்க வேண்டும். இரவு மூன்று மணிக்கு ‘நேற்றைவிட இன்று குழந்தை ஒரு மாதிரி இருக்கிறதே’ என்று முதலில் காண்பவர் யார்? பேராசிரியர் அல்லர், நர்ஸ்.

மற்ற வேலைகளும் இத்தகையவையே. தயோடெபா என்றொரு மருந்து தலசீமியா குழந்தைகளுக்குக் கொடுப்பதுண்டு. அது வியர்வையில் வெளியாகித் தோலைப் புண்ணாக்கும். ஆகவே அந்நாட்களில் ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை குளிப்பாட்டி, துணியும் விரிப்பும் மாற்ற வேண்டும். எண்ணெயோ களிம்போ பூசக்கூடாது. வாடிய குழந்தையின் உடம்பில் கடுகெண்ணெய் தடவாமல் இருக்க எந்த வடநாட்டுத் தாய்க்கு மனம் வரும்? நம் பக்கத்துத் தாய்க்குத் தேங்காயெண்ணெய். ‘கூடாது’ என்று சொல்வது எளிது. ஏன் கூடாது என்று அவளுக்கு விளங்கும் சொற்களில் சொல்வதே பயிற்சி. ஈரல் நுண்குழாய்கள் அடைபட்டால் உடம்பில் நீர் கோக்கும். அதற்காக நாள்தோறும் எடை பார்த்து, வயிற்றின் மேல் பேனாவால் குறியிட்டு, அதே இடத்தில் அதே நாடாவால் சுற்றளவு எடுப்பார்கள். ஒரு நாள் விரல் அகலம் தள்ளி அளந்தால் கணக்கே தவறு. புதிய மஜ்ஜை குழந்தையின் உடலையே அந்நியமென்று தாக்கத் தொடங்கினால் முதல் அடையாளம் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பு. வெள்ளைக்காரக் குழந்தைகளை வைத்து எழுதிய புத்தகத்தில் ‘சிவந்து காணும்’ என்றிருக்கும். நம் குழந்தைகளின் மாநிறத்தில் சிவப்பு அவ்வளவு எளிதாகக் கண்ணுக்குப் படாது. ‘அரிக்கிறது’ என்று குழந்தை சொல்வதைக் காதில் வாங்க வேண்டும்.

வாய்ப்புண் பெரிய துன்பம். எச்சில் விழுங்கவும் முடியாது. வலி எவ்வளவு என்று ஐந்து வயதுக் குழந்தை எப்படிச் சொல்லும்? சிரிக்கும் முகத்திலிருந்து அழும் முகம் வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை ஒன்று உண்டு. குழந்தை தன் முகத்தைத் தொட்டுக் காட்டும். ஆறுமுகம் என்றதும் என் தோழிக்குத் திருச்செந்தூர் நினைவு வந்ததாம்.

இப்போது கடினமான கேள்விக்கு வருகிறேன். இவ்வளவு ஆபத்தான அறைக்குள் மாணவியை விடலாமா? ஒருவர் கூடுதலாக நுழைந்தால் இரண்டு கைகள் கூடுதல். கிருமிக்கும் வழி கூடுதல் அன்றோ?

மாணவர் கைகளால் வந்த கேட்டுக்கு மருத்துவ வரலாற்றில் பெரிய சான்றே இருக்கிறது. வியன்னா மகப்பேறு மருத்துவமனையில் இரண்டு பிரிவுகள் இருந்தன. மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் நூற்றுக்குப் பத்துத் தாய்மார் அளவில் இறந்தனர். மருத்துவச்சி மாணவியர் பயின்ற பிரிவில் நான்குக்கும் குறைவு. பிணம் அறுத்துப் பயின்ற கையோடு மாணவர் நேரே பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று 1847-ல் செம்மல்வைஸ் என்னும் டாக்டர் உணர்ந்து, குளோரின் கலந்த நீரில் கை கழுவச் செய்தார். சாவு வெகுவாகக் குறைந்தது. அவர் மாணவரை வெளியேற்றவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். கை கழுவ வைத்தார்.

அந்த வார்டிலும் அதுவே முறை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு எதுவும் இருந்தால் மாணவி அன்று வரக்கூடாது. அம்மையும் தட்டம்மையும் தாக்காத எதிர்ப்பு இருக்கிறதா என்று முன்பே பார்த்துவிடுவார்கள். வளையல், மோதிரம், கடிகாரம் கழற்ற வேண்டும். அழிப்பு மருந்துகளை அவள் தொடுவதில்லை. அவற்றை இரண்டு நர்ஸுகள் பெயரும் அளவும் ஒத்துப் பார்த்தே ஏற்றுவார்கள். நெஞ்சுக் குழாயையும் தனியே தொடுவதில்லை. ஒரே அனுபவசாலி நர்ஸின் பின்னால் இரண்டு வாரமும் நடக்கிறாள். இது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. இருபது மாணவியரை ஒரு காலைப்பொழுதில் கூட்டி வந்து கண்ணாடிக்கு வெளியே நிறுத்திக் காட்டிவிட்டு, பதிவேட்டில் கையொப்பமும் வாங்கிக்கொள்ளும் ‘பயிற்சி’யும் சில இடங்களில் உண்டாம். அது மிருகக்காட்சிசாலை பார்ப்பது போலத்தான். அதைவிட அனுப்பாமலே இருக்கலாம்.

அடியோடு அனுப்பாமல் இருந்தாலும் கேடுண்டு. பணம் ஒரு தடையாக இருந்ததைக் குறைக்க, பொருந்தும் உடன்பிறப்புள்ள தலசீமியா குழந்தைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனம் 2017 முதல் பத்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வருகிறது. எய்ம்ஸ், வேலூர் போன்ற மருத்துவமனைகள் அதில் சேர்ந்துள்ளன. கட்டிலையும் வடிகட்டியையும் பணத்தால் வாங்கலாம். இரவு மூன்று மணிக்கு விழித்திருக்கும் கண்ணைப் பயிற்சியால்தான் பெற வேண்டும்.

நம் மன்றத்தாருக்கு ஒரு செய்தி. நர்ஸிங்கில் நான்காண்டுப் பட்டப் படிப்பு இந்தியாவில் 1946-ல் இரண்டு இடங்களில் தொடங்கியது. ஒன்று வேலூர். மற்றொன்று தில்லி, இன்று ராஜகுமாரி அம்ரித் கௌர் பெயரைத் தாங்கும் கல்லூரி, நம் தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்ததே. எனினும் நம் பொங்கல் விழாவுக்கு நர்ஸிங் கல்லூரிக்கு ஓர் அழைப்பிதழ் அனுப்பியதாக எனக்கு நினைவில்லை. வேலூர் வார்டுகளில் தமிழ் நர்ஸுகள் வங்காளத்திலிருந்து வரும் நோயாளிகளுக்காக வங்காளி பேசக் கற்கிறார்கள். இங்கே என் தோழி, பீகார்க் குழந்தை ஒன்றிடம் இந்தி கற்றாள். ஆண்பால் பெண்பால் குழப்பி அவள் பேசியதைத் திருத்துவதே, வாய்ப்புண் ஆறிய பின் அந்தக் குழந்தைக்குப் பொழுதுபோக்காம்.

அந்தக் குழந்தையின் பெயரை அவள் என்னிடம் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பதும் பாடத்தில் ஒன்று. பயிற்சி முடிந்த நாள், குழந்தைக்குக் கூட்டல் பதினான்காம் நாள். முந்தின நாள் 80 என்றிருந்த வெள்ளணு எண்ணிக்கை அன்று காலை 210. ஐந்நூறுக்கு இன்னும் தூரம். அடுத்த திங்கட்கிழமை முதல் அவளுக்கு மகப்பேறு வார்டு. வீட்டுக்கு வந்தவள் செருப்பைக் கழற்றிவிட்டு, என்னோடு பேசுமுன் நேரே குழாயடிக்குப் போனாள்.