வெண்டைக்காயை வதக்கச் சொன்னவர்களுக்கு

வெண்டைக்காயை வதக்காதீர்கள். புளி விடாதீர்கள். தக்காளியும் வேண்டாம். இந்த மூன்றையும் செய்யாமல் இருந்தாலே நைஜீரியாக்காரர்களின் வெண்டைக்காய் சூப் பாதி தேறிவிடும். மாட்டிறைச்சியும் நண்டும் இறாலும் ஒரே சட்டியில் வேகிற சூப் அது. நான் லாகோஸில் இருந்தபோது கற்றுக்கொண்டது. இப்போது நாகர்கோவிலிலும் வைக்கிறேன். கேட்கிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் சொல்கிறேன். ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தில்தான் என் சட்டி நாசமானது.

இது கிண்ணத்தில் ஊற்றிக் கரண்டியால் குடிக்கிற சூப் அல்ல. எபாவுக்குத் தொட்டுக்கொள்வது. மரச்சீனியைத் துருவி, சாக்கில் கட்டிப் பிழிந்து, சில நாள் புளிக்கவிட்டு வறுத்தால் கார்ரி என்று ரவை மாதிரி ஒன்று வரும். அதைக் கொதிநீரில் கிண்டினால் எபா. மரச்சீனியைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 1880-களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மகாராஜா பரப்பிய கிழங்கு அது. எங்கள் ஊரும் அன்றைக்கு அந்த ராஜ்ஜியம்தானே. மரச்சீனியும் மீன்குழம்பும், மரச்சீனியும் மாட்டிறைச்சியும் சாப்பிட்டு வளர்ந்த எனக்கு, மீனையும் மாட்டிறைச்சியையும் ஒரே சட்டியில் போடுகிறார்கள் என்று கேட்டபோது சந்தோஷம்தான் வந்தது.

எபாவை மெல்லக்கூடாது. கேழ்வரகுக் களியைப் போலத்தான், உருட்டி, சூப்பில் தோய்த்து, விழுங்க வேண்டும். தொண்டையில் நிற்காமல் அது இறங்குவதற்குத்தான் கொழகொழப்பு. விரலை எடுத்தால் சட்டிக்கும் விரலுக்கும் நடுவே நூல் இழுபட வேண்டும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் சூப் நன்றாக வந்திருக்கிறதா இல்லையா என்று அங்கே சொல்வார்கள். ருசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். ஈஸ்டர் திங்கள் நைஜீரியாவில் பொது விடுமுறை. என் வீட்டுக்காரரோடு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள் அன்றைக்குக் குடும்பத்தோடு சாப்பிட வருவதாக ஏற்பாடு. பிரியாணி போட்டிருந்தால் போதும். ஆனால் அவர்கள் ஊர்ச் சாப்பாட்டையே நம் கையால் செய்து வைப்பதுதான் மரியாதை என்று எனக்குப் பட்டது. இன்றைக்கும் அந்த முடிவு சரி என்றுதான் சொல்வேன். எதிர் வீட்டு மம்மியின் அடுப்பங்கரையில் நின்று பார்த்துப் பார்த்துப் பழகியிருந்தேன். வயதில் மூத்த பெண்களை அங்கே மம்மி என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் எப்பேக்காரர். லாகோஸ் கழிக்கரையில் இருக்கிற ஊர், மீன் சந்தைக்குப் பேர்போனது. தனக்குத் தெரிந்த மீன்காரியிடம் சொல்லி, கால் ஒடியாத நண்டாக வரவழைத்துக் கொடுத்தவரும் அவரே. விடிவதற்கு முன்பே இறைச்சி வெந்தாயிற்று. எல்லாம் அவர் சொன்ன கணக்கு. சூப் கடைசிக் கட்டத்தில் இருந்தது.

உதவிக்கென்று ஒரு அக்கா வந்தார். கோயம்புத்தூர்க்காரர். எனக்கு ரொம்ப முன்னாலேயே லாகோஸ் வந்தவர். புதிதாக வருகிற தமிழ்க் குடும்பங்களுக்கு வீடு பார்த்துக் கொடுப்பதும் பள்ளிக்கூடம் சொல்வதும் அவர்தான். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. ஆனால் முதல் பிடி வெண்டைக்காய் விழுந்து சூப் நூல்விடத் தொடங்கியதும் முகம் சுளித்தார். “ஏன் கண்ணு, இந்தக் கொழகொழப்போட விருந்தாளிக்கு வெப்பியா? மானம் போயிருங்க.” அப்படித்தான் அக்கா இது இருக்கணும் என்று சொல்லிவிட்டு, நான் எபா கிண்ட அந்தப் பக்கம் திரும்பினேன். திரும்பி வருவதற்குள் மீதி வெண்டைக்காயை எண்ணெயில் சுருள வதக்கிக் கொட்டி, எலுமிச்சையளவு புளியையும் கரைத்து ஊற்றிவிட்டார். “இப்பப் பாரு, எப்படி இருக்குதுன்னு.”

பார்த்தேன். நூல் அறுந்திருந்தது. அதுவரை குழம்போடு குழம்பாக இருந்த செம்பனை எண்ணெய் பிரிந்து மேலே மிதந்தது. கீழே பழுப்பாகப் புளித்த தண்ணீர். அதற்குள் நண்டு, இறால், ஒரு கிலோ இறைச்சி, நார்வேயிலிருந்து வந்த மீன். திரும்பச் செய்ய நேரம் இல்லை. வந்தவர்கள் நல்லவர்கள். தட்டை ஒதுக்கவில்லை. எபாவுக்குத் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார்கள். ஒரு பெரியவர் மரியாதையாகக் கேட்டார், “இது இந்தியப் பெப்பர் சூப்பா?” பெப்பர் சூப் என்பது அங்கே நீர்க்க வைக்கிற காரச்சாறு. எனக்குத் தொண்டை அடைத்தது.

அந்த அக்கா மாட்டிறைச்சி தொடமாட்டார். அது அவர் வழக்கம், அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. தான் வாயில் வைக்காத சட்டிக்குப் பக்குவம் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதைவிட, அடுத்த வாரம் நம் ஆட்கள் கூடிய இடத்தில் “அவளுக்கு அந்த ஊர்ச் சமையல் கைக்கு வரலீங்க” என்று அவரே சொன்னது. வந்தது அக்கா. நீங்கள் புளி ஊற்றும்வரை நன்றாகவே வந்தது.

வதக்குவதும் புளி விடுவதும் ஏன் கெடுக்கிறது என்று தெரிந்துகொண்டால் நீங்கள் யார் சொல்லுக்கும் அசையமாட்டீர்கள். வெண்டைக்காயின் கொழகொழப்பு, சர்க்கரை மூலக்கூறுகள் நீளநீளமாகக் கோத்துக்கொண்ட ஒரு பொருள். வெட்டியதும் வெளியே வரும். நீரில் விரிந்து நீரைக் கெட்டியாக்கும். அமிலம் பட்டால் அந்த விரிவு சுருங்கி, சாறு நீர்த்துப்போகும். புளி, தக்காளி, மோர் எல்லாம் செய்வது அதைத்தான். ஈரம் போக எண்ணெயில் வதக்கினால் கொழகொழப்பு காயிலேயே காய்ந்துவிடும். சோற்றுக்கு வைக்கிற தீயலுக்கும் மோர்க்குழம்புக்கும் அது சரி. நானும் அப்படித்தான் வைக்கிறேன். இந்தச் சூப்பில் அந்தக் கொழகொழப்பு எபாவை இறக்குவதோடு நிற்பதில்லை, எண்ணெயையும் இறைச்சிச் சாற்றையும் பிரியாமல் சேர்த்துப் பிடித்திருப்பதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் எல்லாம் தனித்தனி. காரத்தன்மை சேர்ந்தால் இழுப்பு கூடும் என்பதால் சில வீடுகளில் கவுன் என்கிற காரக்கல்லைத் துளி போடுவார்கள். மம்மி போடமாட்டார், நானும் போடுவதில்லை. காய் இளசாக இருந்தால் அதற்கு வேலையே இல்லை.

மற்றதெல்லாம் சுலபம். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ எலும்போடு சேர்ந்த மாட்டிறைச்சி. உங்களுக்கும் சொல்லிவைத்தால் கணுக்கால் பக்கமாக எடுத்துவைக்கிற கடைக்காரர் இருப்பார். வெங்காயம், உப்பு, நல்லமிளகு போட்டுத் தண்ணீர் விடாமல் மூடி, அதன் சாற்றிலேயே கொஞ்சநேரம் வேகவிட்டு, பிறகு மூழ்கத் தண்ணீர் ஊற்றி வேகவையுங்கள். குக்கர் என்றாலும் சரி. அந்தச் சாறுதான் சூப்பின் அடித்தளம், ஒரு சொட்டும் கொட்டாதீர்கள். ஷாக்கி என்கிற இரைப்பையும், பொன்மோ என்கிற பொசுக்கிச் சுரண்டிய மாட்டுத்தோலும் அங்கே கட்டாயம். இங்கே இரைப்பை கிடைக்கும், தோல் கிடைக்காது, விட்டுவிடலாம்.

விட முடியாதது ஸ்டாக்ஃபிஷ். நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளில் பிடிக்கிற காட் மீனை, உப்பே தொடாமல், மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே காயவைப்பது. 1967 முதல் 1970 வரை நடந்த பியாஃப்ரா போரில் பட்டினி கிடந்த ஜனங்களுக்கு நிவாரணமாக இந்த மீன் நிறைய வந்திறங்கியது. இக்போ மக்கள் ஒக்போரோக்கோ என்பார்கள். இன்றைக்கும் அதன் தலையைக்கூட மூட்டைமூட்டையாக நைஜீரியாதான் வாங்குகிறது. கட்டைபோல இருக்கும், இரவே ஊறப்போட்டு, இறைச்சிச் சாற்றில் அரைமணிக்கு மேல் வேகவைக்க வேண்டும். இங்கே கிடைக்காதே என்று கருவாட்டைப் போட்டுவிடாதீர்கள். கருவாட்டின் உப்பு எல்லாவற்றையும் தின்றுவிடும். மாசித் துண்டு இரண்டைத் தட்டிப் போடுங்கள். அதன் புகைவாசம் அங்கே போடுகிற புகையிட்ட மீனுக்கு ஓரளவு ஈடாகும். லாகோஸில் மக்கோக்கோ பக்கம் தண்ணீருக்கு மேலே காலூன்றிய வீடுகளில் பெண்கள் அந்த மீனைப் புகையிடுவார்கள். அதற்கு நிகரானதை நான் இங்கே பார்த்ததில்லை.

அங்கே ‘கிரேஃபிஷ்’ என்று விற்கிற தூள் வேறொன்றுமில்லை, காய்ந்த பொடி இறால், நம் கூனிதான். உங்கள் வீட்டு டப்பாவில் இருப்பதை லேசாக வறுத்துப் பொடித்துக் குவித்து மூன்று கரண்டி போடுங்கள். இதில் கஞ்சத்தனம் கூடாது. இறைச்சிக்கும் கடலுக்கும் இடையே பாலம் போடுவது இந்தத் தூள்தான்.

எண்ணெய் விஷயத்திலும் ஒரு வார்த்தை. பாமாயில்தானே என்று ரேஷன் கடைப் பாமாயிலை ஊற்றி, “நீங்க சொன்ன நிறமே வரலையே” என்று கேட்டவர்கள் உண்டு. எப்படி வரும்? அது சுத்திகரித்து, நிறமும் மணமும் எடுத்த எண்ணெய். செம்பனைப் பழத்தில் பிழிந்தபடியே இருக்கிற எண்ணெய் கரோட்டின் நிறைந்து ரத்தச் சிவப்பாக இருக்கும், குளிரில் உறையும், தனி மணம் அடிக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிற உங்கள் சொந்தக்காரர் யாராவது ஊருக்கு வரும்போது ஒரு பாட்டில் சொல்லிவிடுங்கள். கூடவே ‘இரு’ என்பதையும். யொரூபா வீடுகளில் ஒருவகை மரத்தின் கொட்டையை வேகவைத்துப் புளிக்கவிட்டுச் செய்வது அது. முதல்தடவை நாற்றம் என்றுதான் தோன்றும். எண்ணெயில் பட்டதும் இறைச்சியின் ருசியே ஆழமாகிவிடும். மிளகாய்க்கு அங்கே அட்டா ரோடோ. ஸ்கோவில் கணக்கில் ஒரு லட்சத்துக்குமேல் போகிற காரம். மூன்று போதும், வெங்காயத்தோடு அரைகுறையாக இடித்துப் போடுங்கள்.

சாறு கொதிக்கும்போது எண்ணெய், இடித்த மிளகாய், கூனித்தூள், ‘இரு’. பத்து நிமிடம். பிறகு இரண்டாகப் பிளந்த நண்டு, எட்டு நிமிடம். ஓட்டோடு இறால், மூன்று நிமிடம், சுருண்டு சிவந்தால் போதும். இங்கே பலபேர் இறைச்சி, நண்டு, இறால் எல்லாவற்றையும் ஒன்றாகக் குக்கரில் போட்டு விசில் விடுகிறார்கள். இறால் ரப்பராகிவிட்டது, சூப் சரியில்லை என்று பிறகு என்னிடம் சொல்கிறார்கள். இறைச்சிக்கு வேண்டிய நேரம் வேறு, இறாலுக்கு வேண்டிய நேரம் வேறு. குக்கரை இறைச்சியோடு நிறுத்துங்கள்.

இனி வெண்டைக்காய். முக்கால் கிலோ, நுனி பட்டென்று ஒடிகிற பிஞ்சு. கழுவித் துடைத்துவிட்டு, பாதியைப் பொடியாக நறுக்கி, பாதியைத் துருவியில் துருவுங்கள். துருவியது இழுப்புக்கு, நறுக்கியது பல்லுக்கு. கொதிக்கிற சூப்பில் கடைசியாகக் கொட்டி, ஒரே பக்கமாக வேகமாகக் கிளறவேண்டும். சட்டியை மூடக்கூடாது. மூடினால் பச்சை நிறம் செத்து, இழுப்பும் தளரும். ஐந்து நிமிடத்துக்குமேல் அடுப்பில் நின்றாலும் அப்படித்தான். மேலே ஒரு பிடி உகு கீரை தூவுவார்கள். அது பூசணிக் குடும்பத்துக் கொடி. நான் இங்கே பூசணித் தளிரைக் கிள்ளிப் போடுகிறேன், ஒன்றும் குறையவில்லை. உப்பை இந்த நேரத்தில்தான் பாருங்கள், அதற்குமுன் பார்த்தால் கூனியும் நண்டும் ஏமாற்றிவிடும்.

இந்த ஐந்து நிமிடமும் அடுப்பை விட்டு நகராதீர்கள். எபாவை முன்பே கிண்டி மூடிவைத்துவிடுங்கள். உதவிக்கு வருகிறவர்களை வெங்காயம் உரிக்கச் சொல்லுங்கள், தட்டு துடைக்கச் சொல்லுங்கள், கரண்டியைக் கையில் கொடுக்காதீர்கள். பெரியவர்களிடம் அப்படிச் சொல்வது மரியாதையா என்று என் நாத்தனார் கேட்டாள். விருந்தாளிக்கு நல்ல சாப்பாடு போடுவதும் மரியாதைதான் என்றேன்.

மம்மி மறுநாள் விஷயம் கேள்விப்பட்டு வந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மிஞ்சியிருந்த சட்டியை மோந்து பார்த்து, நண்டை மட்டும் பொறுக்கித் தனியாக எடுத்துவைத்தார். அந்த வாரமே அவர் வீட்டு அடுப்பில் என்னையே தனியாகச் சூப் வைக்கச் சொன்னார். தன் மருமகளைக்கூட உள்ளே விடவில்லை. விரலைத் தூக்கி நூலைப் பார்த்தவர், அன்றைக்கு வந்திருந்த அதே பெரியவர் வீட்டுக்கு ஒரு தூக்குச் சட்டி நிறையக் கொடுத்தனுப்பினார். தட்டில் என் பெயரைச் சொல்லித்தான் வைத்தார்களாம்.

மிஞ்சும் என்று தோன்றினால் ஒரு வழி இருக்கிறது. வெண்டைக்காய் போட்ட சூப்பை மறுபடி சுடவைத்தால் இழுப்பு போய்விடும். அதனால் இறைச்சி, மீன், எண்ணெய் வரை வைத்த சாற்றில் பாதியைத் தனியாக எடுத்து ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள், இரண்டு வாரம் தாங்கும். வேண்டும்போது கொதிக்கவைத்து, அன்றைக்கு வாங்கிய இறாலையும் அப்போது துருவிய வெண்டைக்காயையும் போட்டால் இருபது நிமிடத்தில் எபாவோடு உட்கார்ந்துவிடலாம். கார்ரி கிடைக்காதவர்கள் வேகவைத்த மரச்சீனியைச் சூடு ஆறுவதற்குள் நாரெடுத்து மசித்துக்கொள்ளுங்கள்.